இயந்திரத் தாயும் காமன் கூத்தும்

சோகமும் ஹாஸ்யமும் இரண்டறக் கலந்த ஒரு கதையைக் குழந்தைகளும் முதியோரும் ஒரே பாயில் அமர்ந்து பார்ப்பது தகுமா, அன்றி அழுகை வரும் இடங்கள் பிஞ்சு மனத்தைப் புண்படுத்திவிடுமென்று அஞ்சி அத்தகைய படங்களைக் குடும்பத்தினின்று விலக்கி வைப்பதே விவேகமா என்னும் வினா, இயந்திர மனிதரைக் கதாபாத்திரமாகக் கொண்ட கார்ட்டூன் படங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் பெற்றோர் பலர்க்கும் எழுகின்ற ஒன்றாகும். நகரத்துத் திரையரங்குகளை மனத்திற்கொண்டு எழுப்பப்படும் இவ்வினாவை, இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா முதலிய பிரதேசங்களின் தேயிலைத் தோட்டங்களை மனத்திற்கொண்டு ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் என்னும் வரிசை வீடுகளின் கூரைகளின்மேல் செய்மதித் தொலைக்காட்சியின் தட்டுகள் ஏறிவிட்டமையாலும், கைத்தொலைபேசி பிள்ளைகளின் கையில் புழங்குவதாலும், உலகத்துப் படங்கள் யாவும் இன்று காம்பரா எனப்படும் லயத்து அறைக்குள்ளேயே வந்துவிட்டன. அதே வேளையில், சோகத்தையும் சிரிப்பையும் ஒன்றாகக் குழைத்துப் பாலகர் முதல் கிழவர் ஈறாக அனைவர்க்கும் விடிய விடிய அளித்துவரும் காமன் கூத்து என்னும் கலை இம்மலைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. புதிய படத்தை அளப்பதற்குரிய அளவுகோல் மலையகத்தாரிடம் முன்னரே உள்ளது என்பதும், அவ்வளவுகோலால் அளந்தால் இத்தகைய படங்கள் குடும்பத்துக்கு ஏற்றவை என்றே தீர்ப்பாகும் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் படத்தை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த வைல்ட் ரொபோட்’ என்னும் கார்ட்டூன் படம், பீட்டர் பிரவுன் 2016இல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவி, கிறிஸ் சாண்டர்ஸ் என்பவரால் இயக்கப்பட்டது. மனிதர்க்கு ஏவல் புரிவதற்கென்றே ஒரு நிறுவனத்தால் உற்பத்தி செய்யப்பட்டு 7134 என்று இலக்கமிடப்பட்ட ஓர் இயந்திரம், விலங்குகள் மாத்திரமே வாழும் தீவொன்றில் புயலால் ஒதுக்கப்படுகிறது. ஏவுவதற்கு எசமான் எவரும் இல்லாமையால், எதிர்ப்படும் பிராணிகளையெல்லாம் அணுகித் தனக்கொரு பணி தருமாறு வேண்டி, அவற்றால் கடிபட்டும் மிதிபட்டும் விரட்டப்படுகிறது. இந்தப் பேதைமையில் பிறந்த சிரிப்பு அடங்குவதற்குள்ளாகவே, அவ்வியந்திரம் தவறி விழுந்ததில் காட்டு வாத்தின் கூடொன்று நசுங்கி, அதிலிருந்த குடும்பம் அழிந்து, ஒற்றை முட்டை எஞ்சுகிறது. முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு தான் முதன்முதற் கண்ட அவ்வியந்திரத்தையே தாயென்று பற்றிக்கொள்ள, உண்ணவும் நீந்தவும் குளிர்காலம் வருமுன் பறக்கவும் அதற்குக் கற்பிக்கும் கடமையை அவ்வியந்திரம் தன் பணியாக ஏற்கிறது. தன் பெற்றோரைக் கொன்றது இந்தத் தாய்தான் என்பதைக் குஞ்சு ஒருநாள் பிறர் வாயிலாக அறிகின்றது. அந்தப் புண் ஆறுவதற்குள் பறவைக் கூட்டத்தோடு தொலைதூரம் பறந்துபோக வேண்டிய காலமும் வந்துவிடுகிறது.

மரணமும் குற்றமும் பிரிவும் இப்படத்தில் மூடி மறைக்கப்படவில்லை. அதனாற்றான் அமெரிக்கத் தரப்படுத்தல் இதனைப் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கத்தக்க வகுப்பில் வைத்தது. ஆயின் இப்படத்தின் ஹாஸ்யம் மரணத்தைச் சுற்றியே வளர்க்கப்பட்டிருப்பதுதான் கருதத்தக்கது. பகைவர் வந்தால் செத்ததுபோற் கிடந்து தப்பும் இயல்புடைய ஒப்பொஸம் என்னும் சிறு விலங்கின் குட்டிகள், எவ்வாறு சாவது போல நடிக்கலாம் என்று தமக்குள் போட்டியிடும்போது, பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்தபடியே, சாவு என்பது பேசக்கூடாத விஷயமன்று என்பதையும் உணர்ந்துகொள்கிறார்கள்.

காமன் கூத்தை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளினின்று முதலில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதன் பின்னர்த் தேயிலைக்குமாக வந்துசேர்ந்த ஜனங்கள், தம்மோடு கொண்டுவந்த பொருள் சிறிதாயினும் கொண்டுவந்த கூத்துகள் பலவாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் அவற்றுள் தலையாயவை. மாசி மாதத்து அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்பட்டு, அன்று தொடங்கி இரவுதோறும் தப்பு முழங்க ஆட்டம் நடைபெறும். பகலில் மலையேறிக் கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் வந்தவர்களே இரவில் மதனும் ரதியும் தேவரும் தூதருமாகிறார்கள். ரதியாக வேடமேற்பவனும் ஆடவனே. சிவனுடைய தபசைக் கலைக்குமாறு இந்திரனால் ஏவப்பட்ட மதனை, போகவேண்டாமென்று ரதி தடுப்பதும், கடமையைத் தட்டவியலாமல் அவன் புறப்படுவதும், நெற்றிக்கண்ணின் தீயால் எரிந்து சாம்பலாவதும், அதன்பின் ரதி புலம்புவதுமே கதை. கடைசி இரவில் அப்புலம்பல் எழும்போது, கம்பளி போர்த்துக் குந்தியிருக்கும் அப்பாயியும் அம்மாயியும் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைக் காணாதவர் தோட்டத்தில் வளராதவரே.

ஆனால் அந்த இரவு முழுவதும் அழுகையிலேயே கழிவதில்லை. கோமாளி வருகிறான், குறவனும் குறத்தியும் வருகிறார்கள். பார்வையாளரின் பேரைச் சொல்லியே பரிகாசம் செய்கிறார்கள். வீரபத்திரனும் எமனும் தீவட்டி வெளிச்சத்தில் ஆர்ப்பரித்து வரும்போது சிறுபிள்ளைகள் அலறித் தாயின் முதுகுப்புறம் ஒளிகிறார்கள். அலறிய பிள்ளையே சற்று நேரத்தில் தலையை நீட்டி எட்டிப்பார்க்கிறது. இவற்றையெல்லாம் காணக்கூடாதென்று எந்தப் பிள்ளையும் காம்பராவில் அடைக்கப்பட்டதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டமுறையில் வேறுபாடு உண்டெனினும், குழந்தை, தாய், கிழவி என்ற மூவரும் ஒரே மண்ணில் அமர்ந்து ஒரே துக்கத்தையும் ஒரே சிரிப்பையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு எங்கும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. எரிந்த மதன் மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கப்படுகிறான் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். முன்னைய ஆண்டு பார்த்தது நினைவிருக்கும். தெரிந்திருந்தும் ரதியின் புலம்பல் அவர்களைத் தாக்குகிறது. முடிவு தெரிந்த சோகம் சோகமாகாது என்று சொல்வோர் இந்தப் பொட்டலில் ஓரிரவு அமர்ந்திருக்க வேண்டும்.

தமிழிலக்கண மரபும் இதற்கு அனுகூலமானதே. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் அடுத்தடுத்து வைக்கிறது. நகைக்குரிய நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. அழுகைக்குரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. மடன் என்பது பிறர் புகட்டியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொள்ளும் இயல்பென்றும், அசைவு என்பது பண்டை நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவதென்றும் பேராசிரியர் உரைவழி அறிகிறோம். இவ்விரண்டையும் இயந்திரக் கதாபாத்திரத்தின்மேற் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. தனக்குப் புகட்டப்பட்டதையே விடாது பற்றிக்கொண்டு காட்டில் உலாவும் இயந்திரத்தின் மடமை நகைக்கு இடமாகிறது. அப்புகட்டல் தன்னுள் மெல்லமெல்லக் கழன்று, தான் எதற்காக ஆக்கப்பட்டதோ அதுவாக இனி இருக்கவியலாத நிலையை அது அடையும்போது, அந்த அசைவே அழுகைக்கு இடமாகிறது. ஆகவே நகையும் அழுகையும் இங்கு இருவேறு பாத்திரங்களுக்குப் பங்கிடப்படாமல் ஒரே உடம்பினின்று எழுகின்றன. கதையினின்று கழற்றி எடுத்தாலும் குறைபடாத நகைச்சுவைப் பகுதியொன்றைத் தனி நடிகரைக் கொண்டு நடத்தும் தமிழ்ச் சினிமாவின் நெடுநாளைய வழக்கத்தினின்று இது பெரிதும் மாறுபட்டது. சுவாமி விபுலானந்தர் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியருடைய நாடகங்களை நம்மவர்க்கு அறிமுகஞ் செய்தார், அந்தக் கவியின் லியர் அரசனைப் புயலிலும் கைவிடாத விதூஷகனை நினைத்துக்கொண்டால், சிரிப்பு துக்கத்துக்குப் பகையாவதில்லை என்பதை உலகத்து நாடக மரபும் ஒப்புக்கொள்வதைக் காணலாம்.

ஹென்றி பெர்க்ஸன் என்னும் பிரெஞ்சு தத்துவ ஞானி 1900இல் வெளியிட்ட சிரிப்பைப் பற்றிய நூலில், உயிருள்ள மனிதன் இயந்திரம் போல விறைப்புற்று இயங்கும்போதே நாம் சிரிக்கிறோம் என்று வாதித்தார். 1936இல் வந்த ‘மொடர்ன் டைம்ஸ்’ படத்தில் திருகாணிகளை முடுக்கி முடுக்கிக் கைகள் தாமாகவே ஆடத் தொடங்கிவிட்ட சாப்ளினுடைய தொழிலாளி அதற்கு உதாரணமாவான். இயந்திரப் படங்களோ அதனைத் தலைகீழாக்கி, இயந்திரம் மனிதன் போல நடக்க முயல்வதால் நம்மைச் சிரிக்கவைக்கின்றன. இந்த உறவு தற்செயலானதன்று: 2008இல் வெளியான ‘வால்-ஈ’ படத்தை உருவாக்கியவர்கள், பேச்சின்றி உணர்ச்சியைக் காட்டும் வித்தையைக் கற்பதற்காகச் சாப்ளின், கீட்டன் ஆகியோரின் மௌனப் படங்களை மதிய உணவு வேளைகளில் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். சாப்ளின் 1921இல் எடுத்த ‘த கிட்’ படத்தில், தெருவோரத்து ஏழையொருவன் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்து, வேண்டாவெறுப்பாகத் தொடங்கிப் பின் உயிருக்குயிராய் வளர்க்கிறான். காட்டு வாத்தை வளர்க்கும் இயந்திரத்தின் கதைக்கு அதனையே மூதாதையெனலாம். நம்மிடத்திலும் இத்தகைய கற்பனைக்குப் பஞ்சமில்லை. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் படைத்த ஜீனோ என்னும் இயந்திர நாய் வாசகரைச் சிரிக்கவைத்தபடியே மனத்தில் இடம்பிடித்தது, 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் முடிவில் சிட்டி தன்னைத் தானே பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டே பேசும்போது, அதுவரை அதன் சேட்டைகளுக்குச் சிரித்திருந்த குடும்பங்கள் மௌனமாயின.

இனி, தோட்டத்துப் பிள்ளைக்கு மாத்திரமே உரிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். ‘ரொபோட்’ என்னும் சொல் முதன்முதலில் வழங்கப்பட்டதே தொழிலாளியைக் குறிக்கத்தான். கரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தில் அவன் உற்பத்தி செய்து விற்கப்படும் கூலியாளாக வருகிறான். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணப்பட்டு, கணக்கப்பிள்ளை குறித்துக்கொண்ட மலைக்கு அனுப்பப்பட்டு, மாலையில் கொழுந்து நிறுக்கையில் எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி, போடப்பட்ட ஒரு சமூகத்தின் வழித்தோன்றல், இலக்கமிடப்பட்ட இயந்திரம் தனக்கென ஒரு பெயரையும் தனக்கென ஓர் உறவையும் அடையும் கதையைப் பார்க்கும்போது, வேறெந்தப் பிள்ளையும் காணாத ஒன்றை அதில் காணக்கூடும். மலைநாட்டு நாடோடிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை, இந்த ஜனங்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கங்காணியைக் கேலிசெய்யும் பாடல்களையும் ஒருங்கே பேணி வைத்தார். கேலியும் ஒப்பாரியும் ஒரே வாயினின்று, சில வேளைகளில் ஒரே நாளில், பிறந்தவை.

பிரிவு என்பது இங்கே கதையிலன்றி வாழ்விலும் முந்தி வந்துவிடுகிறது. தாய் மலைக்குப் போனதும் கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவின் கையில் வளர்வது தோட்டத்துக்குத் தொன்றுதொட்ட வழக்கம். 1970களின் இறுதிக்குப் பின் இலங்கையினின்று மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் பெண்கள் சென்றபோது, காலப்போக்கில் தோட்டத்துத் தாய்மாரும் சென்றார்கள். 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் அவ்வாறு செல்வதை அரசாங்கம் தடைசெய்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த எல்லை இரண்டு வயதாகத் தளர்த்தப்பட்டது. இரண்டு வயது நிரம்பிய பிள்ளையை அம்மாயியிடம் விட்டுச் செல்லும் தாயும், தொலைபேசித் திரையில் மாத்திரமே அவளைக் காணும் பிள்ளையும் உள்ள ஒரு லயத்தில், பெறாத தாயொருத்தி வளர்த்த குஞ்சு அவளை விட்டுப் பறந்துபோகும் காட்சி விநோதக் கதையாக நின்றுவிடாது. இதனாலேயே சிலர், அத்தகைய பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டலாகாது என்பர். அவர்களது அச்சம் அன்பினாற் பிறந்தது. அதனை அலட்சியம் செய்யலாகாது. தாய் புறப்பட்டுச் சென்ற புதிதில், ஆறாத மனத்தோடிருக்கும் பிள்ளைக்கு அதனைக் காட்டாமலிருப்பதே உசிதம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மாதங்கள் கழிந்தபின், தன் துக்கத்துக்கு உருவம் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் முரண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, அத்துக்கத்தைத் தனக்கு வெளியே திரையில் கண்டு, அதனிடையே சிரிக்கவும் முடியும் என்று அறிவது பெரும் ஆறுதலாகும். ஆங்கிலக் கவி டெட் ஹியூஸ், தாயை இழந்த தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையே 1968இல் ‘த அயன் மேன்’ என்னும் நூலாகி, 1999இல் ‘த அயன் ஜயன்ட்’ என்னும் படமாகியது. ஒரு தந்தை தம் குழந்தைகளின் துயரத்துக்கு மருந்தாகத் தேர்ந்தது இயந்திர மனிதனின் கதையை என்பதை நாம் மறக்கலாகாது.

புலம்பும் காட்சிகளைக் காவியங்களினின்று நீக்கவேண்டும், அவை இளைஞரைக் கோழைகளாக்கும் என்று பிளேட்டோ கருதினார். தோட்டத்தின் சரித்திரம் அதனை மறுக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பகுத்தபோது, அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். ஆண்டுதோறும் ரதியின் புலம்பலைக் கேட்டு வளர்ந்த ஜனங்களே அந்தப் பிரிவைச் சுமந்து, மறுநாளும் மலையேறினார்கள். புலம்பல் அவர்களைக் கோழைகளாக்கியிருந்தால் இந்த மலைகளில் இன்று எவரும் எஞ்சியிருக்கமாட்டார்கள்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். எல்லாம் இனிதே கூடிவரும் முடிவுதான் குடும்பத்துக்கு ஏற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பாப்லோ பெர்கர் இயக்கி 2023இல் வெளியான ‘ரொபோட் ட்ரீம்ஸ்’ இதற்கு மறுதலையாக நிற்பது. தனிமையில் வாடும் நாயொன்று தபாலில் வரவழைத்த இயந்திரத் தோழனோடு கடலாடப் போக, உப்புநீரில் தோழனின் உடல் துருவேறி அசையாமற் போகிறது. கடற்கரையும் பருவம் முடிந்து பூட்டப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் மணலிற் கிடந்தபடி அவ்வியந்திரம் திரும்பிச் செல்வதாகக் கனவு காண்கிறது. பின்னர் இருவரும் வேறு வேறு துணைகளோடு வாழத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருநாள் தொலைவினின்று நாயைக் கண்ட இயந்திரம், அதனை அழைத்து மறித்துவிடாமல், முன்னர் இருவரும் சேர்ந்தாடிய பாட்டை ஒலிக்கவிட்டு, தனித்தனியே ஆடி விடைகொடுக்கிறது. பகைவர் எவரும் இல்லாமலே பிரிவு நேரக்கூடும் என்பதையும், பிரிந்தபின்னும் அன்பு பொய்யாகாது என்பதையும் காட்டும் இம்முடிவு குழந்தைகளுக்குக் கடினமானதா? கச்சியப்பரின் கந்தபுராணத்தில் மதன் உயிர்பெற்றெழும்போது ரதியின் கண்களுக்கு மாத்திரம் உருவோடும் ஏனையோர்க்கு உருவின்றியும் விளங்குமாறே வரம் பெறுகிறான். முழுமையான மீட்சியை அந்தப் புராணமும் கொடுக்கவில்லை. குறைபட்ட ஆறுதலையே கொடுத்தது, அதனையே தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆபத்து உண்மையில் இருப்பது படத்தில் அன்று, பார்க்கும் முறையில். கூத்துப் பொட்டலில் எமனைக் கண்டு அலறிய பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள ஒரு முதுகு இருந்தது. கைத்தொலைபேசியின் சிறு திரையில், போர்வைக்குள் தனியே, தாய்ப்பறவையின் சாவைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த முதுகு இல்லை. சிரிப்பு வரும்போது உடன் சிரிப்பாரும் இல்லை. பெரியோர் துணையின்றி இத்தகைய படங்களைச் சிறுபிள்ளைகள் பார்ப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். துணையோடு பார்ப்பதற்கு எவ்விதத் தடையும் கூறமாட்டேன்.

ஆகவே தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ போயா விடுமுறை மாலைகளில் இவற்றைத் திரையிட்டால் நல்ல பலன் உண்டாகும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ‘வால்-ஈ’யினின்று தொடங்கலாம்; அதன் முற்பகுதி ஏறக்குறைய பேச்சே இன்றிச் செல்வது. எட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு ‘த வைல்ட் ரொபோட்’ பொருந்தும். ஆங்கில உரையாடலை மூத்த மாணவர் ஒருவர் கூடவே தமிழிற் சொல்லிவந்தால் பாட்டிமாரும் கதையைத் தொடர்வர். ‘ரொபோட் ட்ரீம்ஸ்’ முழுவதும் வசனமற்றது என்பதால் பேரப்பிள்ளையும் அம்மாயியும் சமமாகவே அதனை விளங்கிக்கொள்வார்கள். ஆயினும் அதன் துயரம் நுட்பமானது, பத்து வயதளவில் காட்டுவதே நன்று. படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் பிள்ளைகளை இரு கட்சியாக அமர்த்திப் பேசவிட வேண்டும். தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் காமன் எரிந்தான், எரியவில்லை என்று இரவெல்லாம் வாதாடுவதுபோல, கூட்டை நசுக்கிய செய்தியை அந்த இயந்திரம் குஞ்சுக்கு முன்னரே சொல்லியிருக்கவேண்டுமா, வளரும்வரை மறைத்தது சரியா என்று அவர்கள் வாதாடட்டும். தாயை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பிள்ளை எந்தக் கட்சியில் அமர்கிறது, என்ன பேசுகிறது என்பதை ஆசிரியரும் பாட்டியும் கவனமாகக் கேட்கட்டும்.